காவலாளியின் எக்காளம்

எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 33ஆம் அதிகாரத்தில் ஒரு காவலாளியைக் காண்கிறோம். நாட்டின்மீது வாள் வருவதைக் கண்டதும் எக்காளம் ஊதி மக்களை எச்சரிப்பதே அவனுடைய பணி. அவன் ஊதியும் மக்கள் பொருட்படுத்தாமல் மாண்டால், பழி அவர்களையே சாரும். கண்டும் ஊதாமல் இருந்துவிட்டால், மாண்டோரின் இரத்தப்பழி அவன்மேல் விழும். இதன் தொடர்ச்சியான பகுதியைப் பொதுக்காலம் 23ஆம் ஞாயிறன்று, முதலாம் ஆண்டின் திருவழிபாட்டில், நாம் வாசகமாகக் கேட்கிறோம். அந்த ஞாயிறு செப்டம்பர் மாதத்தின் முற்பகுதியில் வருவது. வங்கக் கடலோரம் வாழும் நமக்கு அது மழைக்காலத்தை எதிர்நோக்கும் பருவம்.

வரும் ஒரு வாரத்தில் எங்கே மழை பெய்யும், எங்கே வெயில் காயும், கடலில் காற்றின் வேகம் என்ன என்று கூறும் வானிலைக் குறிப்பை நாம் நாள்தோறும் காண்கிறோம். அண்மைக் காலமாக, நாம் சுவாசிக்கும் காற்று எந்நிலையில் இருக்கும் என்னும் கணிப்பும் அதனோடு சேர்ந்துவருகிறது. குடை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு மேல் அந்தக் குறிப்பிடம் நாம் எதையும் கேட்பதில்லை. ஆயினும் அந்தச் சில வரிகள் உருவான வரலாறு ஒரு காவலாளியின் வரலாறே ஆகும். கண்டவர்கள், கண்டும் சொல்ல விடப்படாதவர்கள், சொல்லியும் ஏளனம் செய்யப்பட்டவர்கள், கேட்க இயலாத தொலைவில் இருந்தவர்கள் ஆகிய அனைவரும் அதில் இடம்பெறுகிறார்கள்.

கூண்டு ஏற்றிய கப்பல் தலைவர்

1859ஆம் ஆண்டு அக்டோபர் 25, 26 ஆகிய நாள்களில் பிரிட்டன் தீவுகளைக் கடும்புயல் ஒன்று தாக்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவுக் கரையில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். வீட்டை எட்டும் தொலைவில் நேர்ந்த இந்தச் சாவு ஒரு மனிதரின் உள்ளத்தை உலுக்கியது. அவர்தாம் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்ல்ஸ் டார்வின் உலகைச் சுற்றிவந்த 'பீகிள்' கப்பலுக்குத் தலைவராக இருந்தவர் இவரே. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர்.

கரையோர ஊர்களிலிருந்து நாள்தோறும் தந்திமூலம் காற்றழுத்த அளவுகளைப் பெற்றால், புயல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று அறியலாம். தந்தி புயலைவிட விரைவாகச் செல்லும் என்பதால், புயல் வருமுன் செய்தி போய்ச் சேரும். இதுவே ஃபிட்ஸ்ராய் கண்ட வழி. 1861 பிப்ரவரியில் துறைமுகங்களில் கூம்பும் உருளையுமான அடையாளங்களை உயர்த்திப் புயல் எச்சரிக்கை விடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளியாயிற்று. இது தீர்க்கதரிசனம் அன்று, அளவுகளைக் கொண்டு ஆய்ந்து கூறும் கருத்தே என்று அவர் வலியுறுத்திச் சொன்னார்.

கணிப்புகள் பலமுறை பலித்தன, சிலமுறை பொய்த்தன. பலித்தவற்றை மறந்த உலகம் பொய்த்தவற்றை நினைவில் வைத்துக்கொண்டது. இதழ்கள் எள்ளி நகையாடின. அறிஞர்கள் சிலர் இது அறிவியலே அன்று என்றனர். கடன் சுமையும் உடல்நலக் குறைவும் மனச்சோர்வும் சூழ்ந்த நிலையில், 1865 ஏப்ரல் 30ஆம் நாள் ஃபிட்ஸ்ராய் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மறு ஆண்டின் இறுதியில் புயல் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன.

அடுத்து நிகழ்ந்ததே நாம் மனத்தில் பதிக்கவேண்டியது. அந்த எச்சரிக்கைகள் மீண்டும் வேண்டும் என்ற குரல் கடலை நம்பி வாழ்ந்தவர்களிடமிருந்து எழுந்தது. மாலுமிகளும் மீனவர்களும் துறைமுகத்தாரும் அந்தக் கூம்புகளைக் கேட்டனர். பத்து முறையில் சிலமுறை தவறினாலும், எஞ்சிய முறைகளில் உயிர் தப்பியவர்கள் அவர்களே அல்லவா? 1867இல் எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. நம் துறைமுகங்களில் 'ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று வானொலியில் கேட்கும்போதெல்லாம், அந்த மரபின் தொடர்ச்சியையே நாம் கேட்கிறோம். இந்தியாவில் துறைமுகப் புயல் எச்சரிக்கை முதன்முதலாக 1865இல் கொல்கத்தாவில் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு, 1864 அக்டோபரில், அந்நகரைப் பெரும்புயல் ஒன்று சூறையாடியிருந்தது.

மொட்டைமாடியில் நின்ற குருக்கள்

அக்காலத்தில் உலகின் வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில் வானத்தைக் கண்காணித்தவர்கள் இயேசு சபைக் குருக்கள் என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கச் சென்றவர்கள், கட்டடத்தின் உச்சியில் காற்றழுத்தமானியையும் காற்றுத்திசை காட்டியையும் நிறுவினார்கள்.

கொல்கத்தாவின் புனித சவேரியார் கல்லூரிக்கு 1865இல் வந்த பெல்ஜிய நாட்டு அருட்தந்தை யூஜின் லாஃபோன் இவர்களில் ஒருவர். கல்லூரி மாடியில் அவர் அமைத்த எளிய நிலையத்திலிருந்து, 1867 நவம்பரில் ஒரு புயலின் வருகையை முன்கூட்டியே உணர்ந்து ஆட்சியாளருக்கு அறிவித்தார். பல உயிர்கள் தப்பின. பின்னர் 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது அவருக்குத் தோள்கொடுத்தவரும் லாஃபோனே. நம் தமிழகம் ஈன்ற சர் சி.வி. இராமன், நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வைச் செய்தது அக்கழகத்தில்தான்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் இயேசு சபையினர் 1865இல் வானாய்வு நிலையம் தொடங்கினர். அதன் இயக்குநரான அருட்தந்தை பெதெரிக்கோ ஃபௌரா, 1879 ஜூலை 7ஆம் நாள் லூசோன் தீவின் வடபகுதியைச் சூறாவளி ஒன்று கடக்கும் என்று அறிவித்தார். அது அவ்வாறே கடந்தது. அந்தக் கடற்பகுதியில் விடுக்கப்பட்ட முதல் சூறாவளி எச்சரிக்கை அது. வணிகர்கள் பொருளுதவி செய்ய முன்வந்தனர். 1884இல் அந்நிலையம் அரசின் அதிகாரபூர்வ வானிலை நிலையமாக ஏற்கப்பட்டது.

இவர்கள் எல்லாரிலும் புகழ் மிக்கவர் கியூபாத் தீவின் ஹவானா நகரில் பெலேன் கல்லூரி நிலையத்தின் இயக்குநராக 1870இல் பொறுப்பேற்ற அருட்தந்தை பெனிட்டோ வின்யெஸ். ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் 1837இல் பிறந்தவர். ஒவ்வொரு நாளும் குறித்த வேளைகளில் அழுத்தம், வெப்பம், காற்று, மேகம் ஆகியவற்றைக் குறித்துவைத்தார். புயல் கடந்த ஊர்களுக்கு நேரில் சென்று, மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்துள்ளன, காற்று எப்போது திசை மாறியது என்று மக்களிடம் கேட்டறிந்தார். வானின் உச்சியில் மெல்லிய வெண்ணிறக் கீற்றுகளாகத் தோன்றும் மேகங்கள், தொலைவில் உள்ள புயலின் மையத்தைச் சுட்டும் விரல்கள் போன்றவை என்று கண்டுகொண்டார். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில், கண்ணுக்கு எட்டாத புயலை மேகத்தின் கோலத்தைக் கொண்டு கணித்தார்.

1875 செப்டம்பர் 11ஆம் நாள் அவருடைய எச்சரிக்கை ஹவானா நாளிதழில் வெளிவந்தது. அடுத்த நாள்களில் அவர் சொன்னபடியே புயல் தீவைத் தாக்கியது. அதே புயல் வளைகுடாவைக் கடந்து, டெக்சாஸ் மாநிலத்தின் இண்டியனோலாத் துறைமுகத்தைச் சிதைத்தது. கியூபா மக்கள் அவரைப் 'புயல் தந்தை' என்றே அழைத்தனர். 1893இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியை அருட்தந்தை லொரென்சோ காங்கோய்ட்டே தொடர்ந்தார்.

இவர்களுடைய ஆன்மிகத்தை விளக்க நீண்ட உரைகள் தேவையில்லை. அதிகாலையில் திருப்பலி, அதன்பின் காற்றழுத்தமானி. படைத்தவரை வழிபட்ட அதே மனிதர் படைப்பை உற்று நோக்கினார். கண்டதை அயலாருக்கு மறைக்காமல் சொன்னார். பிறரன்பின் ஒரு வடிவமாக எண்களைக் குறித்துவைத்தார் எனலாம்.

கால்வெஸ்டன்: அறிந்தும் அடைக்கப்பட்ட வாய்

1900ஆம் ஆண்டு வந்தது. ஸ்பெயினுடன் நடந்த போருக்குப்பின் கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. அமெரிக்க வானிலைத் துறைக்கும் கியூபாவின் கண்காணிப்பாளர்களுக்கும் நல்லுறவு இல்லை. கியூபர்கள் வீண் பீதியைக் கிளப்புகிறார்கள் என்று துறையினர் கருதினர். அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில், கியூபாவிலிருந்து வானிலைத் தந்திகள் அனுப்பப்படுவதே தடைசெய்யப்பட்டது.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வடக்கே திரும்பி ஃப்ளோரிடா வழியாகச் செல்லும் என்று அமெரிக்கத் துறை கணித்தது. காங்கோய்ட்டே உள்ளிட்ட கியூபக் கண்காணிப்பாளர்களோ அது மேற்கு நோக்கி வளைகுடாவுக்குள் சென்று டெக்சாஸை அடையும் என்று கருதினர். அவர்கள் கருதியதே உண்மையாயிற்று. ஆனால் அந்தச் சொல் போகவேண்டிய கம்பி அடைக்கப்பட்டிருந்தது.

டெக்சாஸ் கரையோரத் தீவு நகரான கால்வெஸ்டனில் செப்டம்பர் 7ஆம் நாள் புயல் கொடி ஏற்றப்பட்டது. ஆயினும் வருவது எத்தகையது என்பதை எவரும் உணரவில்லை. அந்நகரின் வானிலை அதிகாரியே 1891இல், பெரும்புயல் இவ்வூரை அழிக்கும் என்று அஞ்சுவது மடமை என எழுதியிருந்தார். கடலோரத்தில் தடுப்புச்சுவர் கட்டும் யோசனையும் கைவிடப்பட்டிருந்தது. நகரின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஒன்பது அடியை எட்டாதது. 8ஆம் நாள் எழும்பிய கடலோ ஏறத்தாழ 15 அடி. அன்று மாண்டவர்கள் 6,000 பேருக்குக் குறையார். 8,000 என்றும் அதற்கும் மேல் என்றும் கணக்கிடுவோர் உண்டு. அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றத்தால் மிகுதியான உயிர்கள் போன நாள் அதுவே.

கடற்கரையை ஒட்டி, மனுவுருவான வார்த்தையின் பிறரன்புச் சகோதரிகள் நடத்திய புனித மரியன்னை அனாதை இல்லம் இருந்தது. அங்கே 10 அருட்சகோதரிகளும் 93 குழந்தைகளும் இருந்தனர். நீர் உயர்ந்தபோது சகோதரிகள் குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் சென்றனர். அச்சம் தீரத் தூய கன்னி மரியாவை நோக்கி 'அலைகளின் அரசி' என்னும் பாடலைப் பாடவைத்தனர். துணி உலர்த்தும் கொடிக்கயிற்றை அறுத்து, ஒவ்வொரு சகோதரியும் ஆறு, எட்டு என்று பிள்ளைகளைத் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டனர். கட்டடம் இடிந்து விழுந்தது. மரமொன்றைப் பற்றிக்கொண்ட மூன்று சிறுவர்கள் மட்டும் பிழைத்தனர். சகோதரிகளின் உடல்கள் குழந்தைகளோடு கயிற்றால் பிணைந்தபடியே கண்டெடுக்கப்பட்டன.

செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. அந்நாளில் வேளாங்கண்ணியிலும், உலகெங்கும் உள்ள மரியன்னைத் திருத்தலங்களிலும் நாம் விழாக் கொண்டாடுகிறோம். அச்சபையின் சகோதரிகளோ ஆண்டுதோறும் அதே நாளில் அந்தப் பாடலைப் பாடி மாண்டோரை நினைவுகூர்கின்றனர். அந்தக் கயிறு அன்பின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடுவதில்லை. ஹவானாவில் அறியப்பட்ட உண்மை உரிய வேளையில் கால்வெஸ்டனை எட்டியிருந்தால், அந்தக் கயிறு தேவைப்பட்டிருக்குமா? தியாகத்தைப் போற்றுகிறோம், தியாகத்தைத் தேவையாக்கிய செருக்கைப் பலவேளை மறந்துவிடுகிறோம்.

கணக்கும் அதன் எல்லையும்

மேகத்தைக் கண்டு கூறியவர்கள் ஓரிரு நாள்களுக்கே கூறினர். ஒரு வாரத்துக்கான கணிப்பு எவ்வாறு பிறந்தது? அதற்கு வித்திட்டவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். குவேக்கர் சபையைச் சேர்ந்த இவர் ஆயுதம் ஏந்த மறுத்தவர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் ஊர்தி ஓட்டினார். ஓய்வு கிடைத்த வேளைகளில், காற்றின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகளைக் கையால் கணக்கிட்டு, 1910 மே 20ஆம் நாளுக்கு உரிய ஆறு மணிநேர வானிலையைக் கண்டறிய முயன்றார். போரில் தொலைந்துபோன கையெழுத்துப்படி, சில மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து மீட்கப்பட்டது.

விடை முற்றிலும் தவறாக இருந்தது. அழுத்தம் ஏறக்குறைய மாறாதிருந்த நாளில், 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. ரிச்சர்ட்சன் அதை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் தம் தோல்வியை முழுமையாக அச்சிட்டார். வழி சரியானது, தொடக்க அளவுகளில்தான் பிழை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1950இல் முதன்முதலாகக் கணினியில் வானிலை கணக்கிடப்பட்டது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் 'டைரோஸ்' என்னும் செயற்கைக்கோள் விண்ணிலிருந்து மேகங்களைப் படம்பிடிக்கத் தொடங்கியது. பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் கணிப்பின் எல்லை நீண்டுவந்துள்ளது.

ஆயினும் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. தொடக்க அளவில் நேரும் மிகச்சிறு பிழையும் நாள்கள் செல்லச்செல்லப் பெருகி, முழுக் கணிப்பையும் விழுங்கிவிடும் என்று 1963இல் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்ல இயலாது என்பதே அறிஞர்களின் பொதுக்கருத்து. 'வாய்ப்பு உண்டு', 'ஓரிரு இடங்களில்' என்னும் சொற்களைக் கேட்டு நாம் சிரிப்பதுண்டு. அவை மழுப்பல் அல்ல. அறிவு தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் நேர்மை. நாளை என்பது முழுவதுமாக நம் கையில் இல்லை என்பதை நம்பிக்கை கொண்டோர் அறிவர். கணக்கிடுவோரும் அதையே அறிந்திருக்கின்றனர்.

கேட்கும் செவி எங்கே?

கண்டு சொன்னால் மட்டும் போதுமா? 1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12ஆம் நாள் அதே கரையை 'பைலின்' என்னும் கடும்புயல் தாக்கியபோது, மாண்டோர் தொகை 50க்கும் குறைவு. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் புயலின் இயல்பு மாறிவிடவில்லை. கணிப்பு கூர்மையாயிற்று; கரையோரம் புகலிடங்கள் எழுந்தன; ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் வீடுகளை விட்டு முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர்.

நம் கரையில் நிகழ்ந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 2017 நவம்பர் 30ஆம் நாள் கன்னியாகுமரிக் கடலில் 'ஒக்கி' புயலாக உருவெடுத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் பல நாள்கள் தங்கி மீன்பிடிக்க முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் அறிவிக்கப்பட்ட எச்சரிக்கை அவர்கள் செவிக்கு எட்டும் வழியே இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. ஆலய முற்றங்களில் தாய்மாரும் மனைவியரும் நாள்கணக்கில் காத்துக்கிடந்தனர். எக்காளம் ஊதப்பட்டது, ஆயினும் அதன் ஒலி கரையோடு நின்றுவிட்டது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறுவதற்கான 'ஜெமினி' என்னும் கருவி 2019இல்தான் அறிமுகமாயிற்று. காவலாளியின் கடமை ஊதுவதோடு முடிவதில்லை; மிகத் தொலைவில் நிற்பவனுக்கும் கேட்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.

கண்ணுக்குத் தெரியாத வாள்

இதுவரை கூறியவை வெளியிலிருந்து வரும் இடர்கள். இனிக் கூறவிருப்பது நாமே உண்டாக்கும் இடர்.

1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆலைப் புகை பனிமூட்டத்தோடு கலந்து தங்கியதால் ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்னும் சிற்றூரில் 20 பேர் மாண்டனர். இவை எக்காள ஒலிகளே. எனினும் உலகம் செவிசாய்க்கவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரைப் புகைப்பனி மூடியது. பட்டப்பகலில் தம் காலடியே தெரியாமல் மக்கள் சுவர்களைத் தடவி நடந்தனர். அந்நாள்களிலும் அதை அடுத்தும் 4,000 பேர் மாண்டதாக முதலில் கணக்கிட்டனர். பின்னாளைய ஆய்வு 12,000 வரை கூறுகிறது. மாண்டவர்களில் முதியோரும் குழந்தைகளும் நோயாளிகளுமே மிகுதி. புயலைப்போல் கூரையைப் பெயர்க்காமல் வந்ததால், சவப்பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட பிறகே பலருக்கு நிகழ்ந்தது விளங்கிற்று.

காரணம் என்ன? அடுப்பின் புகை மேலே எழுந்து கலைவதை நாம் காண்கிறோம். தரையோரக் காற்று வெப்பமாகவும் மேற்காற்று குளிராகவும் இருக்கும்வரை இது நிகழும். குளிர்காலத்தில், காற்று வீசாத நாள்களில், இந்நிலை தலைகீழாகும். தரையில் குளிர்ந்த காற்று தங்க, அதன்மேல் வெப்பக் காற்று பானைக்கு மூடியிட்டாற்போல் அமர்ந்துவிடும். புகை வெளியேற வழியின்றித் தங்கும். அன்றைய இலண்டனில் வீடுகளும் ஆலைகளும் எரித்த நிலக்கரியின் கந்தகப் புகை அந்த மூடிக்குள் அகப்பட்டது. எரித்ததை நாம் தீர்மானிக்கிறோம். எரிந்தது கலைவதா தங்குவதா என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. எனவேதான் வானிலையும் காற்றின் தரமும் ஒரே கணிப்பில் இடம்பெறுகின்றன.

1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் தேசியக் காற்றுத்தரக் குறியீடு 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எட்டு மாசுகளை அளந்து, சுழியம் முதல் 500 வரை எண்ணிட்டு, 'நன்று' முதல் 'கடுமை' வரை ஆறு படிகளாக அது பகுக்கிறது. 50க்குள் இருந்தால் நன்று. 400க்கு மேல் போனால் நலமுள்ளவர்களையும் அது பாதிக்கும். மாசுகளில் மிகவும் கொடியவை 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்கள்; தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவானவை. அவை நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கும். வெளியிலும் வீட்டுக்குள்ளும் உள்ள காற்று மாசினால் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே மாள்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 20ஆம் எண், காற்று மாசினால் மிகுதியாகத் துன்புறுவோர் ஏழைகளே என்றும், சமையலுக்கும் வெப்பத்துக்கும் எரிக்கும் பொருள்களின் புகையைச் சுவாசித்து அவர்கள் நோயுறுகின்றனர் என்றும் சுட்டுகிறது. கதவை அடைத்துக் காற்றைச் சுத்திகரிக்கும் கருவியை வைத்துக்கொள்ள வசதி படைத்தவர்களுக்கு முடியும். சாலையோரம் பழம் விற்கும் பாட்டிக்கும், குப்பை எரியும் மேட்டருகே குடியிருக்கும் குழந்தைக்கும் எந்தக் கதவு உண்டு?

நமக்கான சோதனை

புயல் எச்சரிக்கை, 'விலகிப் போ' என்கிறது. காற்றுத்தர எச்சரிக்கை அதோடு நிற்பதில்லை. 'இதை எரித்தது யார்?' என்றும் கேட்கிறது. முன்னது நம் பாதுகாப்புக்கான செய்தி. பின்னதோ ஓர் ஆன்ம சோதனை. 2018இல் போகிப் பண்டிகைக் காலைப் புகை பனியோடு கலந்து சென்னையில் விமானங்களைத் தாமதப்படுத்தியதை நாம் எளிதில் குறைகூறுவோம். நம் பங்குத் திருவிழாக்களின் வாணவேடிக்கையும், கல்லறைத் தோட்டத்தைத் தூய்மை செய்து நாம் எரிக்கும் குப்பையும், திருப்பலி முடியும்வரை அணைக்காமல் நிறுத்தும் ஊர்திகளும் எந்தக் காற்றில் கலக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

மாலையில் வானம் சிவந்தால் நாளை நல்ல வெயில் என்றும், காலையில் மந்தாரமாய்ச் சிவந்தால் புயல் என்றும் சொல்லத் தெரிந்தவர்களைப் பார்த்து, காலத்தின் அறிகுறிகளை அறிய உங்களால் ஏன் இயலவில்லை என்று நம் ஆண்டவர் கேட்டதை மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர் வானம் பார்ப்பதைப் பழிக்கவில்லை. பார்த்தும் மனம் திரும்பாமையையே பழித்தார். இன்று வானத்தின் தோற்றமும் காலத்தின் அறிகுறியும் ஒரே தாளில், ஒரே எண்ணில் நம் கைக்கு வருகின்றன.

ஆகவே நம் பங்குகள் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் திருமண ஓலை வாசிக்கிறோம். மறைக்கல்வி நேரத்தை அறிவிக்கிறோம். அந்த அறிவிப்புகளோடு, வரும் வாரத்தின் கடல்நிலையையும் காற்றின் நிலையையும் இரண்டு வரிகளில் அறிவிக்கலாம். கடலோரப் பங்குகளில், கடலுக்குச் சென்றவர்களின் வீட்டாரிடம் அச்செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அன்பியத்தார் கேட்டறியலாம். மூச்சிரைப்பால் துன்புறும் முதியோர் இருக்கும் வீட்டை இளைஞர் இயக்கத்தார் குறித்துவைக்கலாம். ஆலய வளாகத்தில் குப்பை எரிப்பதில்லை என்று பங்குப் பேரவை முடிவெடுக்கலாம்.

வின்யெஸ் அடிகளார் மாடியில் நின்று மேகம் பார்த்தது தம் அறிவைக் காட்டுவதற்கு அன்று. துறைமுகத்தில் கயிறு அவிழ்க்க நின்ற ஒரு மாலுமியை அன்று வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கு. கால்வெஸ்டன் சகோதரிகள் கட்டிய கயிறும் அவர் குறித்த எண்களும் ஒரே அன்பின் இரு கைகள். முன்னதைச் செய்யும் துணிவு நம்முள் சிலருக்கே வாய்க்கலாம். பின்னதைச் செய்ய, பார்க்கும் கண்ணும் சொல்லும் வாயும் போதும். அவை நம் அனைவரிடமும் உள்ளன.